தறிச் சத்தமும் ஒரு திரட்டியும்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் போனைத் திறந்தால் ஒன்றிய ஆசிரியர்களின் வாட்ஸாப் குரூப்பில் நூற்றுச் சொச்சம் செய்திகள். பாதி பூங்கொத்து, பாதி சூரியன். யாரோ ஒரு அலுவலருக்குப் பிறந்தநாளாம், ஆளாளுக்குக் கேக் படம் போட்டிருக்கிறார்கள். அதற்கு நடுவில் எங்கோ ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தகவல் வந்தாலும் தலைமையாசிரியர்கள் உடனே "நோட்டட் சார்" என்று போட வேண்டும். போடாதவர்கள் பெயர் சாயங்காலம் தனியாக வெளியாகும். அதனால் யாரும் படிப்பதில்லை, எல்லாரும் போடுகிறோம். நானும் போட்டுவிட்டு அடுப்பைத் துடைத்தேன்.

கல்லங்காட்டுப்புதூர் பள்ளியில் தலைமையாசிரியை என்னையும் சேர்த்து இரண்டே பேர். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் தாமோதரன் சாரிடம். ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தத் தடதடப்புக்கு மேலே கத்திக் கத்தியே என் தொண்டை பாழாய்ப் போயிற்று. இரண்டாம் வகுப்பு சஷ்மிதா இன்றும் பெயர் கூப்பிட்டால் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பிள்ளை இடித்த பிறகுதான் "உள்ளேன் டீச்சர்" வருகிறது. ஏழு வயதில் இவ்வளவு அழுத்தம் ஆகாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வருகைச் செயலி திறக்கவே இல்லை. முழங்கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது தாமோதரன் சார் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், குரூப்புல வர்றதைப் படிச்சுட்டுத்தான் நோட்டட் போடறீங்களா?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா சார்" என்றேன்.

மனுஷன் சிரித்துக்கொண்டே என் போனை வாங்கி எதையோ இறக்கினார். இன்னொரு செயலியா, ஆளை விடுங்கள் என்றேன். இருக்கிற செயலிகளுக்கே நான் கொத்தடிமை மாதிரிதான் இருக்கிறேன். இது ஃபீடு ரீடர் என்றார். ஒரு காலத்தில் அவர் வலைப்பூ எழுதியவராம், அந்தக் கூட்டத்தில் இதைத் திரட்டி என்பார்களாம். நமக்குப் பிடித்த இணையதளங்களின் முகவரியை ஒருமுறை போட்டுவைத்தால் போதும். அங்கே யார் புதிதாக எழுதினாலும் எல்லாம் இந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

"நாம தேடிப் போக வேண்டியதில்லைங். படிச்சாப் படிங்க, இல்லீனா விடுங்க. யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. முக்கியமா, இதுல ஒருத்தரும் குட்மார்னிங் சொல்ல மாட்டாங்க."

கடைசியாகச் சொன்னதில்தான் நான் விழுந்தேன். கதைசொல்லி ஒருவரின் பக்கம், மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் குறிப்புகள், அட்டையில் பொம்மை செய்பவரின் பக்கம், வானிலை, துறையின் அறிவிப்புப் பக்கம் என்று அவரே நிரப்பினார். சிறப்புக் குழந்தைகளைப் பற்றி ஒரு அம்மா எழுதும் பக்கத்தையும் சேர்த்தார். அது எதற்கு, நம்மிடம் அப்படி யாரும் இல்லையே என்றேன். கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததால் திரட்டியைத் திறந்தேன். மலைப்பள்ளி ஆசிரியர் புளியங்கொட்டையை வைத்து வகுத்தல் சொல்லிக்கொடுத்ததை எழுதியிருந்தார். பேசாமல், கையால் காட்டியே நடத்தினாராம். என் தொண்டைக்கும் அதுதான் நல்லது என்று சத்துணவு அம்மாவிடம் புளியங்கொட்டை வாங்கி நானும் செய்து பார்த்தேன். வகுப்பு அப்படியே அடங்கி உட்கார்ந்தது. எத்தனையோ பயிற்சிக்குப் போய் டீயும் வடையும்தான் மிச்சம். பஸ்ஸில் ஐந்து நிமிடம் படித்தது உருப்படியாக உதவியது.

முதலில் முடித்தது யார் என்றால் சஷ்மிதா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே முந்திவிட்டாள். அப்படியென்றால் மூளை இருக்கிறது. சொல்வதெழுதுதலில் மட்டும் வெள்ளைத்தாளைக் கொடுக்கிறாள். இது திமிர் இல்லாமல் வேறென்ன? இன்று நிற்க வைத்தேன். நின்றுகொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சமும் பயமில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

சஷ்மிதாவின் அம்மா லோகேஸ்வரியை வரச் சொல்லியிருந்தேன். தோட்டத்துச் சாளை வீட்டில் சொந்தமாக நாலு தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தாள். பள்ளிக்கூடமே அதிரும்படி பேசினாள்.

"வூட்டுல நல்லாத்தான் இருக்கறாளுங் டீச்சர். சொன்ன வேலை அத்தனையும் செய்வா. தறிக்குள்ள எட்ட நின்னு நானு ஒரு சாடை காட்டுனாப் போதும், ஓடி வந்துருவா. இங்க வந்தாத்தான் இப்புடி இருக்கறாளாட்டிருக்குது."

பேசும்போது கண்ணை இமைக்காமல் என் முகத்தையே பார்த்தாள். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு.

கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அரைப்பரீட்சை வரைக்கும் பார்ப்பதாம். அப்போதும் படிப்பு ஏறாவிட்டால் நிறுத்திவிடுவதென்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டாராம். சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இவள் இருந்தால் லோகேஸ்வரி முழு நேரமும் தறியில் நிற்கலாம். ஏழு வயதுப் பிள்ளையை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றேன். "அவரு கேக்க மாட்டாருங்" என்றாள்.

அழுத்தக்காரிதான், ஆனாலும் அந்தப் பிள்ளை வீட்டோடு முடங்கிப்போகக் கூடாது.

செப்டம்பர் 4, புதன்

குரூப்பில் ஏதோ முகாம் என்று நீளமாக ஒன்று வந்தது. கீழே சரம் சரமாக நோட்டட். நானும் போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு அதிகம், வீட்டில் பேச்சு வாங்கினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

சாயங்கால பஸ்ஸில், இறங்க வேண்டிய இடத்தை விட்டு ரெண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டேன். திரட்டியில் அந்த அம்மாவின் பதிவைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகத் திறக்காமல் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த பக்கம்தான்.

தன் மகனுக்குக் காது கேட்காது என்று எட்டு வயது வரை தனக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறார். அவன் உதட்டைப் பார்த்தே பிழைத்துக்கொண்டானாம். ஆசிரியர் முகம் தெரிந்தால் கெட்டிக்காரன், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மண்டு. பக்கத்துப் பையன் எழுந்தால் இவனும் எழுவான். திமிர் பிடித்தவன் என்று பள்ளியில் முட்டி போட வைத்தார்களாம்.

இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். முழங்கால் வலித்ததா என்று கூட நினைவில்லை. இதை நானாகப் போய் எந்தக் காலத்திலும் தேடியிருக்க மாட்டேன். தேடுவதற்கு முதலில் சந்தேகம் வர வேண்டுமே. எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

வருகைப் பதிவேட்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சஷ்மிதா என்று கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளையை இடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு பதிவேட்டை இறக்கிவிட்டு, அவள் நிமிர்ந்ததும், குரலே விடாமல் உதட்டை மட்டும் அசைத்து, "போய்த் தண்ணி குடிச்சுட்டு வா" என்றேன். எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

மற்ற பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். எல்லாரையும் ஓவியம் வரையச் சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

சாயங்காலம் தாமோதரன் சாரின் வண்டியில் அவர்கள் சாளைக்குப் போனோம். தறி ஓடும்போது உள்ளே போனதுமே எல்லாம் புரிந்துவிட்டது. அங்கே யாருடைய காதும் வேலை செய்வதில்லை. லோகேஸ்வரி அந்தக் கோடியிலிருந்து வாயை அசைத்து விரலைக் காட்டுகிறாள், இந்தக் கோடியில் அவள் வீட்டுக்காரர் குழந்தைவேல் தலையாட்டுகிறார். நடுவில் சஷ்மிதா அத்தனையையும் புரிந்துகொண்டு சிட்டாகப் பறக்கிறாள். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். இதில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால் யாருக்குத் தெரியும்?

வெளியே வந்து சொன்னபோது குழந்தைவேல் நம்பவில்லை.

"எம்புள்ள செவுடா? என்னங் டீச்சர், பாடம் ஏறலீன்னா ஏறலீன்னு சொல்லுங்க. இப்புடியெல்லாம் பேர் வெக்காதீங்."

லோகேஸ்வரி எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

குரூப்பில் நான் படிக்காமலே நோட்டட் போட்ட அந்த முகாமைத் தேடினேன். குழந்தைகளுக்கான காது, கண் பரிசோதனை. டாக்டர், சான்றிதழ், காதுக் கருவிக்கான விண்ணப்பம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். போன புதன்கிழமையே முடிந்துவிட்டது. அடுத்தது அடுத்த வருடமாம்.

லோகேஸ்வரியிடம் தகவல் நமக்குச் சரியாக வந்து சேரவில்லை என்று சொன்னேன். தாமோதரன் சார் பக்கத்தில்தான் இருந்தார். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

அலுவலகத்திலிருந்து போன். "டீச்சர், காலைல இருந்து உங்க நோட்டட் வரலையே?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன் சார்" என்றேன்.

அக்டோபர் 9, புதன்

குழந்தைவேலை எப்படியோ சம்மதிக்க வைத்து அனுப்பினால், பெரிய ஆஸ்பத்திரியில் காது பார்ப்பவர் அன்றைக்கு லீவாம். நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். இனி அலைய முடியாது, தறி நின்றால் சோறு நிற்கும் என்று மனுஷன் கையை விரித்துவிட்டார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

தாமோதரன் சார் திரட்டியில் இன்னும் நாலைந்து முகவரிகளைச் சேர்த்தார். முகாம் நடத்தும் அறக்கட்டளைகள், சங்கங்கள், பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள். எல்லாத் தளமும் இதில் சேராதாம், சேர்ந்த வரைக்கும் லாபம் என்றார். தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அந்த அம்மா எழுதுவதையெல்லாம் இப்போது ஒன்று விடாமல் படிக்கிறேன். அவர் சொன்னபடி சஷ்மிதாவை முன் வரிசையில், வெளிச்சம் என் முகத்தில் விழும் பக்கமாக உட்கார வைத்தேன். பலகையில் எழுதும்போது வாயை மூடிக்கொள்கிறேன், திரும்பிய பிறகுதான் பேச்சு. முப்பது வருடப் பழக்கம், லேசில் விடவில்லை. தினமும் பத்துத் தடவையாவது மறந்துவிடுகிறேன்.

இன்று சொல்வதெழுதுதலில் பாதிக்கு மேல் சரியாக எழுதினாள். ஆனால் உதட்டில் படமும் மடமும் ஒன்றுபோலவே தெரிகின்றன, அங்கே தடுமாறுகிறாள். உதட்டை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? அரைப்பரீட்சைக்கு இதெல்லாம் பத்தாது.

நவம்பர் 7, வியாழன்

கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு அறக்கட்டளை. குழந்தைகளுக்கு இலவசமாகக் காது பரிசோதித்துக் கருவியும் தருகிறார்களாம். இரண்டு வாரம் இருக்கிறது, முன்பதிவு முதலில் வருகிறவர்களுக்கு. அறிவிப்பு வெளியான கொஞ்ச நேரத்திலேயே திரட்டியில் வந்து நின்றது. காலை பஸ்ஸிலேயே பதிவு செய்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று தலைக்கு மேலே நின்று கத்தியது காதில் விழவில்லை.

சாளைக்குப் போய்ச் சொன்னேன். குழந்தைவேல் தறியை விட்டு நகர மாட்டேன் என்றார். லோகேஸ்வரியையாவது அனுப்புங்கள், கூட நானே போகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்குங் டீச்சர் இத்தன கஷ்டப்படறீங்க?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

விடுப்பு போட்டுவிட்டுப் போனோம். சரியான கூட்டம். பெயர் கூப்பிட்டபோது லோகேஸ்வரி பராக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவு மேசையிலிருந்த பெண் மறுபடி மறுபடி கூப்பிட்ட பிறகு நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன். பாவம், ஊரைத் தாண்டிப் பழக்கமில்லை, மிரண்டு போயிருந்தாள்.

கண்ணாடி அறைக்குள் சஷ்மிதாவுக்கு ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை காத்திருந்தது, காத்திருந்தது, பார்க்க முடியவில்லை. இரண்டு காதிலும் கேட்கும் திறன் நிறையவே குறைவு, ஆனால் கருவி போட்டால் பேச்சு கேட்கும் என்று பரிசோதித்தவர் சொன்னார். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் சிரமப்பட்டிருக்கும் என்றும் சொன்னார். கருவி பொருத்தக் காதுக்கு அச்சு எடுத்துக்கொண்டார்கள்.

வரும்போது மூன்று பேரும் பொரி வாங்கித் தின்றோம்.

டிசம்பர் 9, திங்கள்

சனிக்கிழமை கோயம்புத்தூரில் சஷ்மிதாவுக்குக் கருவி மாட்டி அனுப்பினார்களாம். பஸ் ஏறும் வரைதான் போட்டிருந்தாளாம், அப்புறம் தொலைந்துவிடும் என்று அம்மா டப்பாவில் போட்டுவிட்டாள். இன்று பள்ளியில் நான்தான் எடுத்து மாட்டினேன். முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தாள். அப்புறம் காகிதம் கசங்கும் சத்தத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு தாளை எடுத்துக் கசக்குகிறாள், விரிக்கிறாள், மறுபடி கசக்குகிறாள். வேறொரு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். இன்று நானே பழைய சுற்றறிக்கைகளை எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

சஷ்மிதா வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

இன்றும் வரவில்லை. நாளை மறுநாள் அரைப்பரீட்சை. பள்ளி விட்டதும் நடந்தே சாளைக்குப் போனேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. சஷ்மிதா வாசலில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காதில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். லோகேஸ்வரி கருவியை டப்பாவோடு கொண்டுவந்து நீட்டினாள்.

திங்கட்கிழமை சஷ்மிதா கருவியோடு வீட்டுக்கு வந்து, நேராகத் தறிக்கூடத்துக்குள் ஓடியிருக்கிறாள். அடுத்த நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு அலறி, கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டாளாம். அதன் பிறகு தொடவே விடவில்லை. கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அந்தத் தறிக்கூடம் இத்தனை வருடமும் அமைதியாகத்தானே இருந்திருக்கிறது.

குழந்தைவேல் வெளியே வந்தார். "பாத்தீங்களா டீச்சர்? இது வேண்டாமுங். புள்ள பயந்து போச்சு. வூட்டோட இருக்கட்டும், தம்பியப் பாத்துக்கட்டும். நாங்க ஒண்ணும் உங்களக் கொற சொல்லல."

நான் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்த ஆரம்பித்தேன். என்னென்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பாதியில் குரல் கட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. களைத்துப்போய் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "ஒரே ஒரு தரம் நிறுத்துங்க" என்றேன். குரல் இல்லை, ஆனால் அந்த வீட்டில் குரல் தேவையில்லையே. அவர் என் வாயைப் பார்த்தார். உள்ளே போய் மெயினை அணைத்தார்.

நாலு தறியும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தென்னையில் காற்று அடிப்பது கேட்டது. நான் சஷ்மிதாவைக் கிட்டே இழுத்துக் கருவியை மாட்டினேன். தோளைக் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிறது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். எதுவும் விழவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

மகளிடம் கத்தாமல் பேசிக் குழந்தைவேலுக்குப் பழக்கமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் முதுகுப் பக்கமிருந்து, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

"சோறு தின்னயா கண்ணு?"

அவள் திரும்பாமலே சொன்னாள், அதுவும் சின்னக் குரலில்தான்.

"இன்னும் இல்லீங்கப்பா."

மனுஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "பரீச்சைக்கு வருவாளுங் டீச்சர். தெனமும் இவ வர்ற நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்திப் போடறனுங்" என்றார்.

லோகேஸ்வரி எங்களுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அவர் அழுவதையும் பிள்ளை சிரிப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தறி நின்று இவ்வளவு நேரமாகியும், அது ஓடும்போது பேசுவது போலவே என்னிடம் கத்திக் கேட்டாள்.

"என்னங் டீச்சர், புள்ள என்ன சொன்னா?"

குழந்தைவேல் துண்டை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சஷ்மிதாதான் அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "சோறு திங்கலைன்னு சொன்னேன்" என்றாள்.

வீட்டுக்கு வரவே இருட்டிவிட்டது. பெரியவர்களுக்கு எங்கே முகாம் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நாளை தாமோதரன் சாரிடம் சொல்லித் திரட்டியில் இன்னும் சில முகவரிகளைச் சேர்க்க வேண்டும்.